மின்சார வண்டியில் தீ, லயத்தில் தீ: எதற்கு நாம் பயப்பட வேண்டும்?

(தோட்டத் தலைவர், தலைவிகளுக்கான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொஞ்ச நாளாக நம் தோட்டங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. மின்சார மோட்டார் சைக்கிள், மின்சார ஓட்டோ வாங்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோல் விலையைப் பார்த்தால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் உடனே சொல்வது என்ன? "ஐயோ, அது வெடிக்குமாமே. போனில் வீடியோ பார்த்தோம். நின்ற இடத்திலேயே பற்றிக்கொண்டு எரிகிறது." இப்படிச் சொல்லி ஒரு தாய் மகனைத் தடுத்து நிறுத்திய கதை இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியிலேயே நம் காதில் விழுந்தது.

அந்தத் தாயைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது என்ற பயம் அது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த வீடியோவை அவர் பார்த்த போன் எங்கே சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது? பல்ப் ஹோல்டரில் இருந்து இழுத்த வயரில். அந்த வயர் எங்கே போகிறது? அடுப்புக்கு மேலே புகை பிடித்த பரணைத் தொட்டுக்கொண்டு. பரணில் என்ன இருக்கிறது? காய்ந்த விறகு. அதற்கு மேலே? பதினைந்து இருபது குடும்பங்களுக்கு ஒரே கூரை.

எந்தத் தீக்குப் பயப்பட வேண்டும், எவ்வளவு பயப்பட வேண்டும், பயந்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மின்சார வண்டி எரியுமா?

எரியும். அதை மறைக்கத் தேவையில்லை. அந்த வண்டியின் பேட்டரி ஒரே பெரிய கட்டி அல்ல. சின்னச் சின்ன பேட்டரிகள் வரிசையாக, நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் செல் என்பார்கள். ஒரு காருக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் செல்கள் இருக்கும். பார்க்கப்போனால் அதுவும் ஒரு லயம்தான். சின்னச் சின்ன காம்பராக்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே கூரையின் கீழ்.

ஒரு செல்லுக்குள் ஏதோ ஒரு காரணத்தால் ஷோர்ட் ஆகிறது. தயாரிப்பில் குறை இருக்கலாம், வண்டி அடிபட்டிருக்கலாம், பொருந்தாத சார்ஜரைப் போட்டிருக்கலாம். அந்தச் செல் சூடாகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். வெளியில் மின்சாரத்தை நிறுத்தினாலும் நிற்காது. எரியக்கூடிய வாயுவும் நச்சுப் புகையும் சீறிக்கொண்டு வெளியே வரும். பிறகு பக்கத்துச் செல், அதற்கடுத்த செல் என்று வரிசையாகப் பற்றும். அணைந்துவிட்டது என்று நினைத்த பேட்டரி சில மணி நேரம் கழித்து, சில வேளைகளில் சில நாள் கழித்துக்கூட, மறுபடி பற்றியதுண்டு. அதை அணைக்கத் தீயணைப்புப் படைக்கு வழக்கத்தை விட அதிகமான தண்ணீர் தேவைப்படுகிறது. வீடியோவில் நீங்கள் பார்த்தது பொய் அல்ல.

ஆனால் எத்தனை தடவை எரிகிறது என்பது வேறு கேள்வி. மின்சார வண்டிகள் நிறைய ஓடும் நாடுகளில் சுவீடனும் ஒன்று. அங்கே அரசாங்கத்தின் பேரிடர்த் தடுப்பு நிறுவனம் கணக்கெடுத்தது. 2022ஆம் ஆண்டில் மின்சார, ஹைபிரிட் கார்களில் ஒரு இலட்சத்துக்கு 3.8 கார்களில் தீப்பற்றியது. எல்லா வகைக் கார்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு இலட்சத்துக்கு 68. இந்த 68இல் வேண்டுமென்றே கொளுத்திய கார்களும் சேரும். பெற்றோல், டீசல் கார்களில் பழையவை அதிகம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதையெல்லாம் கழித்தாலும், மின்சார கார்தான் அடிக்கடி எரிகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு சம்பவம். 2023 ஒக்டோபரில் இங்கிலாந்தில், லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள லூட்டன் விமான நிலையத்தில், மாடி மாடியாகக் கட்டிய வாகனத் தரிப்பிடம் பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நாசமாகின. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அன்று இரவே உலகம் முழுக்கப் பரவிய செய்தி என்ன? மின்சார கார் வெடித்துவிட்டது என்பதுதான். தீயணைப்புப் படை என்ன சொன்னது தெரியுமா? தீ ஒரு டீசல் காரில் தொடங்கியது என்று. வதந்தி ஒரே இரவில் ஊரைச் சுற்றிவிட்டது. இந்த உண்மையை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்?

சின்ன பேட்டரிதான் கவனிக்க வேண்டியது

காரைப் பற்றிச் சொன்னதை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் பொருத்திவிடக் கூடாது. அங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. அந்தக் கதை நம்மைப் போன்ற தொழிலாளர்களின் கதை என்பதால் சொல்கிறோம்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் வேறு நாடுகளில் இருந்து பிழைக்கப் போனவர்கள். மின்சார சைக்கிளில்தான் ஓடுகிறார்கள். சைக்கிளும் பேட்டரியும் அவர்கள் கைக்காசில் வாங்க வேண்டியவை. நல்ல பேட்டரி விலை அதிகம். அதனால் மலிவானதை, பழைய செல்களைப் பிரித்து மறுபடி கட்டியதை வாங்குகிறார்கள். இரவில் நெருக்கமான அடுக்குமாடி அறைக்குள், வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். 2023ஆம் ஆண்டில் அந்த ஒரே நகரத்தில் இப்படியான பேட்டரிகளால் 268 தீ விபத்துகள் நடந்தன. 18 பேர் இறந்தார்கள். 150 பேர் காயப்பட்டார்கள். வழியிலேயே பேட்டரி பற்றினால் தப்பி ஓட வழி எங்கே இருக்கும்?

அதே ஆண்டில் அந்த நகரம் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பாதுகாப்புச் சோதனையில் தேறாத பேட்டரியை விற்கக் கூடாது என்றது. தீயணைப்புப் படை தெருத் தெருவாகப் போய் விளக்கம் சொன்னது. அடுத்த ஆண்டு, 2024இல், தீ விபத்துகளின் எண்ணிக்கை குறையவில்லை, 277 நடந்தன. ஆனால் இறந்தவர்கள் 18இல் இருந்து 6ஆகக் குறைந்தார்கள். பேட்டரியை வீட்டுக்கு வெளியே வைத்துச் சார்ஜ் செய்யும் பழக்கம் வந்ததும் இதற்கு ஒரு காரணம். தீ வந்தது, ஆனால் தூங்குகிறவர்களின் வாசலில் வரவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, ஆளைக் கொல்வது பேட்டரி மட்டும் அல்ல. நெருக்கடியான வீடும், அடைபட்ட வழியும், மலிவான பொருளும் சேர்ந்துதான் கொல்கின்றன. இரண்டு, பழக்கம் மாறினால் உயிர் தப்பும்.

நம் லயத்துக்கு வருவோம்

லயம் எப்படிக் கட்டப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், ஆட்களை ஒரே இடத்தில் அடக்கி வைக்கக் கட்டியது. முன்னால் ஒரு இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, மேலே தகரம். அன்று அதற்குள் மின்சாரம் இல்லை. குத்துவிளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும்தான். இன்று அதே காம்பராவுக்குள் டீவி இருக்கிறது, ஃபிரிட்ஜ் இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, நாலு போன் இருக்கிறது. குடும்பம் பெருகியதால் பின்னால் பலகையும் தகரமும் வைத்து ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறோம். ஆனால் வயர்? இரண்டு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் இழுத்த அதே வயர். சாய்ப்புக்கும் அதிலிருந்தே ஒரு வயர். கலியாணம் முடித்த மகனின் அறைக்கும் அதிலிருந்தே இன்னொன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். உருண்டை முனை உள்ள பழைய 5 அம்பியர் பிளக் தாங்குவது 1,150 வோட். அயன் பொக்ஸ் ஒன்றே ஏறத்தாழ 1,000 வோட் எடுக்கும். சதுர முனை உள்ள 13 அம்பியர் பிளக் ஏறத்தாழ 3,000 வோட் வரை தாங்கும். காலையில் மின்சாரக் கேத்தல் 2,000, அயன் 1,000, ரைஸ் குக்கர் 700. மூன்றையும் ஒரே மல்டி பிளக்கில் குத்தினால் 3,700. பிள்ளைகள் பாடசாலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில், பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில், இது எத்தனை வீட்டில் நடக்கிறது?

வயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். வயரின் தோல் மெல்ல மெல்லக் காய்ந்து, வெடித்து, உதிரும். இது ஒரு நாளில் நடப்பதில்லை, மாதக்கணக்கில் நடக்கும். ஒருநாள் இரவு இரண்டு கம்பியும் தொட்டுக்கொள்ளும். மறுநாள் பேப்பரில் "மின்கசிவு காரணமாக" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வருடத்துக் கவனமின்மை இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். வீட்டில் பொதுவாகப் பூட்டும் ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் கசிந்து நிலத்துக்கோ உடம்புக்கோ போனால் விழும். அது உயிரைக் காப்பாற்றும். ஆனால் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் விழ வேண்டியது பியூஸ் அல்லது சின்ன பிரேக்கர். பியூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் தடித்த கம்பியை முறுக்கி வைத்தால், காவல்காரனின் கையைக் கட்டிப் போட்டதற்குச் சமம். பியூஸ் போவது ஒரு எச்சரிக்கை. அதன் வாயை அடைக்கக் கூடாது.

அடுத்தது அடுப்பு. விறகு அடுப்பும் கேஸ் அடுப்பும் ஒரே குசினிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். விலை ஏறும்போது விறகு, அவசரத்துக்கு கேஸ். ஆனால் சிலிண்டரில் இருக்கும் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படர்ந்து நிற்கும். நம் விறகு அடுப்பும் தரையோடுதானே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கேனில் வாங்கி வீட்டுக்குள் வைத்த பெற்றோலால் கருகியவர்களையும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று எரிந்ததும் பேட்டரி அல்ல.

மண்ணெண்ணெய் போத்தல் விளக்கையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் இன்றும் அதைத்தான் தேடுகிறோம். வைத்தியர் விஜய கொடகும்புர என்று நம் நாட்டில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். போத்தல் விளக்கு கவிழ்ந்து உடல் வெந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் நொந்து, கவிழாத விளக்கு ஒன்றை அவரே வடிவமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடி. உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தட்டை. கழன்று விழாமல் இருக்கத் திருகுமூடி. அவ்வளவுதான். 1998இல் அதற்கு உலகப் புகழ் பெற்ற ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஏழைகளின் வீட்டில் நடக்கும் விபத்தை "அவர்கள் தலைவிதி" என்று விட்டுவிடாமல், பொருளின் வடிவத்தைத் திருத்தினால் உயிர் பிழைக்கும் என்று காட்டிய மனிதர் அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இனி ஆட்களைப் பற்றி. பகலில் லயத்தில் யார் இருக்கிறார்கள்? நாம் மலையில் கொழுந்து எடுக்கிறோம், அல்லது ஸ்டோரில் நிற்கிறோம், அல்லது கொழும்பில். பிள்ளைக் காம்பராவுக்குப் போகிற வயதைத் தாண்டி, பாடசாலை விட்டு வந்த பிள்ளைகளும், நடக்க முடியாத தாத்தா பாட்டியும்தான் வீட்டில். தீ வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? நாம் கூடையைப் போட்டுவிட்டு மலையில் இருந்து ஓடி வருவதற்குள் என்ன மிஞ்சும்?

சில லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் தகரம் வரை போவதில்லை. மேலே இடைவெளி. பக்கத்து வீட்டுப் பேச்சு நமக்குக் கேட்பது அதனால்தான். பேச்சு வரும் வழியில் புகையும் வரும், தீயும் வரும். ஒரு வீட்டில் பிடித்த தீ மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூரைக்கு அடியிலேயே ஓடும். அதனால்தான் லயத்தில் ஒரு வீடு மட்டும் எரிந்தது என்ற செய்தி அபூர்வம். தொடர் குடியிருப்பில் பத்து வீடு, இருபது வீடு என்றுதான் செய்தி வரும்.

இன்று இரவே செய்யக்கூடியவை

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதைப் பிறகு சொல்கிறோம். முதலில் நம் கையில் இருப்பதைச் செய்வோம். இதற்குக் காசு அதிகம் வேண்டாம்.

கேத்தல், அயன், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்கள். மல்டி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் உடனே கழற்றுங்கள். கருகிய பிளக்கை ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டாம். பரணில் விறகு காயப் போடுவதென்றால் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், வயர் போகும் பக்கமும் வேண்டாம். தூங்கப் போகும்முன் கொள்ளியை இழுத்துச் சாம்பலால் மூடுங்கள். சாமிப் படத்துக்கு ஏற்றும் விளக்கைத் திரைச்சீலைக்கும் காகித மாலைக்கும் தூரமாக வையுங்கள். வெளியே போகும்போது அணைத்துவிட்டுப் போங்கள். சாமி கோபிக்காது.

கேஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடக் கூடாது. போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. விறகு அடுப்பில் நெருப்பு இல்லாவிட்டால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள். நெருப்பு எரிந்துகொண்டிருந்தால் ஒன்றுக்கும் நிற்காமல் ஆட்களை வெளியேற்றுங்கள்.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தீ சீறி முகத்துக்கு வரும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடுங்கள். மின்சாரத்தில் பற்றியதென்றால் முதலில் மெயின் சுவிட்ச், பிறகுதான் தண்ணீர். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் காட்டிக் கொடுங்கள். புகை நிறைந்தால் நிமிர்ந்து ஓடக் கூடாது. தரையோடு தவழ்ந்து வர வேண்டும்.

சுட்ட காயத்துக்குப் பற்பசை, மை, மஞ்சள், தேங்காயெண்ணெய் ஒன்றும் பூச வேண்டாம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பீலித் தண்ணீர் போதும். ஐஸ் வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்கு. அம்புலன்சுக்கு 1990, தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 119. இந்த மூன்று இலக்கத்தையும் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதி வைத்தாலும் சரி, எழுதி வையுங்கள்.

மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குகிற பிள்ளைகளே, வாங்குங்கள். ஆனால் அதோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். ஒட்டுப்போட்ட வயரிலோ மல்டி பிளக்கிலோ சார்ஜ் போட வேண்டாம். இஸ்தோப்பில், வீட்டுக்குள் போக வர இருக்கிற ஒரே வாசலில் நிறுத்திச் சார்ஜ் போட வேண்டாம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். விழுந்து அடிபட்ட பேட்டரி, வெள்ளத்தில் மூழ்கிய பேட்டரி, வீங்கிய பேட்டரி என்றால் வீட்டுக்கு வெளியே, தூரமாக வைத்து, விற்றவரிடம் கொண்டு போங்கள். பழைய செல்லைப் பிரித்துக் கட்டிய பேட்டரி மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் இன்றோடு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்கள், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வெளியூரில் இருக்கிற ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது காகிதம் இல்லாததால் நம் சனம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எரிந்த சட்டி பானையை மறுபடி வாங்கலாம். எரிந்த காகிதத்துக்காகப் பிரதேச செயலகத்துக்கு எத்தனை நாள் சம்பளத்தை விட்டு நடக்க வேண்டும்? ஆனால் தீ பிடித்த பிறகு அந்தப் பைக்காக யாரும் உள்ளே திரும்பிப் போகக் கூடாது. ஆள் இருந்தால் காகிதம் எடுக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

இதையெல்லாம் செய்தாலும் ஒரு உண்மை மிஞ்சுகிறது. நம் வீட்டில் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஆறு வீடு தள்ளி ஒரு பிளக் எரிந்தால் நம் வீடும் எரியும். கவனம் மட்டும் லயத்தைக் காப்பாற்றாது. அதனால்தான் இது சங்கத்தின் வேலையும் ஆகிறது.

தேயிலை ஸ்டோரைப் பாருங்கள். அதற்குத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தீ வந்தால் ஆட்கள் தப்ப வழி வேண்டும் என்று அது சொல்கிறது. ஸ்டோர் சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்புக் கருவி தொங்குகிறது. கொழுந்தைத் தூளாக்கும் கட்டடத்துக்கு அது வேண்டும்தான். அதே கொழுந்தை எடுத்த பெண் பிள்ளைகளோடு தூங்கும் கட்டடத்தில் என்ன தொங்குகிறது?

வயரிங் பற்றிக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்கள். மின்மானி வரை தருபவர் பொறுப்பு, அதற்குப் பிறகு பாவிப்பவர் பொறுப்பு என்பார்கள். சொந்த வீடு, சொந்தக் காணி உள்ளவனுக்கு அது நியாயம். காணியும் நமதில்லை, கட்டடமும் நமதில்லை, வயர் மட்டும் எப்படி நமதாகும்?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு லயத்தின் வயரிங்கையும் தகுதி பெற்ற மின்வினைஞர் ஒருவர் பரிசோதித்து, எந்த வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று எழுதித் தர வேண்டும்.

இரண்டு, காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவரைத் தகரம் வரை கல் வைத்துக் கட்டி மூட வேண்டும். எல்லாச் சுவரையும் ஒரே நாளில் முடியாதென்றால் இரண்டு வீட்டுக்கு ஒன்றாகவாவது தொடங்க வேண்டும்.

மூன்று, லயத்துக்குப் பக்கத்தில் எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியும், கடைசி வீடு வரை எட்டும் ஹோஸ் குழாயும் வேண்டும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தீயணைப்புப் பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கிருந்து மலைப்பாதையில் வண்டி ஏறி வருவதற்குள் தகரம் விழுந்துவிடும்.

நான்கு, அந்த வண்டி வந்து சேர்வதற்கான பாதை வேண்டும். அம்புலன்ஸ் வராத பாதையில் தீயணைப்பு வண்டி எப்படி வரும்?

ஐந்து, தனி வீடு. 7 பேர்ச்சஸ் காணியில் தனித் தனி வீடு கட்டுகிற வேலை தொடங்கியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடுகளை அறிவித்தபோது நம்மில் பலர் அந்த மைதானத்தில் நின்றோம். தனி வீடு கேட்பது மானத்துக்காக மட்டும் அல்ல. ஒரு வீட்டுத் தீ இருபது வீட்டை எரிக்காமல் இருக்கவும் அதுதான் வழி. எங்கே வீட்டுரிமை பேசினாலும் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தொடங்கிய இடத்துக்குத் திரும்பி முடிக்கிறோம். மின்சார வண்டியின் பேட்டரியை லயம் என்று சொன்னோம். அதைத் தயாரிப்பவர்கள் ஒரு செல் பற்றினால் மற்றது பற்றாமல் இருக்கச் செல்களுக்கு நடுவில் தீத் தாங்கும் தடுப்பு வைக்கிறார்கள். சீனாவில் 2020இல் வந்த தரநிலை, ஒரு செல் பழுதானால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்றது. 2025இல் அதையும் இறுக்கி, ஒரு செல் பழுதானாலும் பேட்டரி எரியவே கூடாது, வெடிக்கவே கூடாது என்று விதித்திருக்கிறார்கள். 2026 ஜூலையில் இருந்து அது நடைமுறை. கார் எரிகிறது என்று உலகமே பேசியதால், காரின் வடிவத்தைத் திருத்துகிறார்கள். போத்தல் விளக்கின் வடிவத்தை ஒரு வைத்தியர் திருத்தியதும் அதே மாதிரித்தான்.

லயம் எரிகிறது என்று யார் பேசுவது? நாம்தான் பேச வேண்டும். விரல் அளவு பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைக்க முடியுமென்றால், ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவில் தகரம் வரை ஒரு சுவர் வைக்க முடியாதா?

இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் அந்த மல்டி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து, நடுச்சுவர் எதுவரை போகிறது என்று பாருங்கள். எத்தனை வீட்டில் சுவர் குறைகிறது என்று எண்ணி, லயத்தின் இலக்கத்தோடு எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடுதான் நாம் பேச்சுவார்த்தைக்குப் போகப் போகிறோம்.